நாற்பத்து நான்கு படிகளும் ஒரு முழங்கால் உறையும்

ஓய்வு பெற்று ஒன்பது மாதம் ஆகிறது. இன்னும் காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து செய்ய வேலை இல்லை என்ற செய்தி உடம்புக்குப் போய்ச் சேரச் சில வருடங்கள் பிடிக்கும் போலிருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் பால் வண்டி சத்தத்துக்கும் எதிர்வீட்டு மோட்டார் சத்தத்துக்கும் நடுவே அரைமணி நேரம் அப்படியே படுத்துக் கிடப்பேன். அது தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. முப்பத்து மூன்று வருடங்களில் என் கைக்கு வந்துபோன முழங்கால்கள் அப்போது ஒவ்வொன்றாக மிதந்து வரும். முகங்கள் வருவதில்லை. பிசியோதெரபிஸ்ட்டின் கனவில் முகத்துக்கு இடம் குறைவு.

போன வாரம் நிவேதிதா போன் செய்தாள். மயிலாப்பூர் மருத்துவமனையில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். நாள்பட்ட தோல் நோய் உள்ளவர்களுக்கென்று தனியாக ஓர் உடற்பயிற்சி வகுப்பு தொடங்குகிறார்களாம். சுவரில் மாட்டும் வண்ணப்படம், கைபேசிக்கு ஓர் ஆப், எல்லாம் தயாராம். “இங்க இதை ஆரம்பிச்சு வெச்சதே நீங்கதான்னு சொல்றாங்க சார். புதுசா சேர்ந்தவங்க படிக்கிற மாதிரி நாலு பக்கம் எழுதிக் குடுங்க” என்றாள்.

ஆரம்பித்து வைத்தது நான் அல்ல, நான் செய்த ஒரு தவறு. அதற்கு நான்கு பக்கம் போதுமா என்று தெரியவில்லை. முயன்று பார்க்கிறேன்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எலும்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பெயர் சொல்வோம். தசையும் நரம்பும் மூட்டும் அத்துப்படி. தோலுக்கு ஒரே ஒரு மத்தியானம் ஒதுக்கியிருந்தார்கள். அன்றைக்கு ஹாஸ்டலில் பிரியாணி. ஆகவே, தோல் என்பது உள்ளே இருக்கும் சாமான்களைச் சுற்றிய காகிதம் என்ற அளவில் என் அறிவு நின்றுபோனது. அந்த அறிவை வைத்துக்கொண்டே இருபத்தொரு வருடம் சௌகரியமாகக் காலம் தள்ளினேன்.

எங்கள் துறைத் தலைவி வசந்தா மேடம். என்னைவிட ஆறு வயது பெரியவர். மாட வீதிப் பக்கம் பல தலைமுறையாக இருக்கும் குடும்பம். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, அதன்மேல் வெள்ளைக் கோட்டு, கோட்டுப் பையில் மடித்த ஒரு சின்னத் துண்டு. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நாம் தவறு செய்தால் திட்டமாட்டார். செய்ததை நமக்கே ஒருமுறை நடத்திக் காட்டுவார். முதுகை இழுத்துப் பிடிக்கும் இழுவைக் கட்டிலில் ஒரு நோயாளியைக் கட்டிப்போட்டுவிட்டு மறந்தாற்போல டீ குடிக்கப் போனார் எங்கள் சகா ஒருவர். மறுநாள் அதே கட்டிலில் அவரைக் கட்டிப்போட்டுவிட்டு மேடம் டீ குடிக்கப் போனார். நிதானமாகக் குடித்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அவர் நோயாளியைத் தொடும் முறையை எழுதியாக வேண்டும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கையைக் கழுவுவார். குளிரூட்டிய அறையில் கை சில்லிட்டிருக்கும், வலிக்கிற மூட்டில் அந்தக் கை பட்டால் திக்கென்று இருக்கும் என்பதற்காக. பிறகு துண்டில் ஒற்றிக்கொண்டு, உள்ளங்கை இரண்டையும் நோயாளிக்கு முன்னால் விரித்துக் காட்டுவார். “கை வைக்கட்டுமா?” என்று கேட்பார். பதில் வரும்வரை காத்திருப்பார். தலையாட்டல் செல்லாது, வாயால் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லோரும் ஒரு நாளைக்கு முப்பது பேரைப் பார்க்கிறவர்கள். மேடம் கையை விரித்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் ஒரு தோளைச் சரிசெய்து அனுப்பிவிடலாம் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

இன்னொன்று. மூட்டு நோய் உள்ளவர்களின் கேஸ் ஷீட்டில், காலையில் எழுந்ததும் விறைப்பு எத்தனை நிமிடம் என்று எழுத ஒரு கோடு இருக்கும். மேடம் நிமிடத்தைக் கேட்கமாட்டார். “எழுந்துண்டப்புறம் கை கால் வளைய எத்தனை நாழியாறது? டிகாக்‌ஷன் எறங்கற நேரமா, குக்கர்ல சாதம் வேகற நேரமா?” என்பார். நிமிடம் கேட்டால் எல்லோரும் பத்து என்றுதான் சொல்வார்கள். அடுப்படிக் கணக்கில் யாரும் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு மார்ச் மாதத்தில் ஜெசிந்தா டீச்சர் வந்தார். சாந்தோம்காரர், வயது நாற்பத்து நான்கு. ஒரு பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் நடத்துகிறவர். வெயிலில் மணிக்கட்டு வரை நீளும் ரவிக்கை, கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்திய முந்தானை. பத்து வருடமாகச் சொரியாசிஸ். முழங்கையில், முழங்காலில், நெற்றியோரத்தில், காதுக்குப் பின்னால் சிவந்த திட்டுகள், அதன்மேல் வெள்ளிச் செதில்கள். இந்த நோய் சிலருக்கு மூட்டுக்குள்ளும் போகும். அவருக்கு இரண்டு முழங்காலுக்கும் விரல்களுக்கும் போயிருந்தது. தோல் மருத்துவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்து, மூட்டை அசைக்காமல் வைத்திருந்தால் அப்படியே இறுகிவிடும் என்று எங்களிடம் அனுப்பியிருந்தார்.

டிகாக்‌ஷனா, சாதமா என்ற கேள்விக்கு டீச்சர் யோசித்துவிட்டு, “சாம்பார் கொதிச்சு, தாளிச்சுக் கொட்டியும் முடிச்சிடலாம் மேடம்” என்றார். மேடம் ஷீட்டில் ஒரு மணி நேரம் என்று எழுதினார். பிறகு உள்ளங்கையைக் காட்டி, அனுமதி வாங்கி, முழங்கையில் திட்டு இருந்த இடத்திலேயே கையை வைத்தார். டீச்சர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

“செதில் உதிரும் மேடம்.”

“உதிரட்டுமே. பெருக்கிண்டா போச்சு.”

டீச்சருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நாற்பத்து நான்கு படி. அவருடைய வகுப்பு இரண்டாவது மாடியில். ஜனவரியிலிருந்து மாடி ஏறுவதற்குள் மணி அடித்துவிடுகிறது. தலைமை ஆசிரியை கூப்பிட்டு, ஜூன் மாதத்திலிருந்து கீழேயே அலுவலகத்தில் உட்கார்ந்துவிடுங்கள், பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் கால் நலத்துக்காகத்தான் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தார். ஆனால் அதற்கு முந்தைய வாரம் ஒரு பெற்றோர் வந்து, டீச்சருக்கு இருப்பது பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டுப் போனது டீச்சருக்குத் தெரியும். “படிதான் காரணம்னு சொல்றாங்க சார். சரி, அந்தக் காரணத்தை இல்லாம ஆக்கிடலாம்னு பாக்கறேன்” என்றார். பள்ளி திறக்க இரண்டரை மாதம் இருந்தது.

மேடம் அவரை என்னிடம் ஒப்படைத்தார்.

நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். எழுந்ததும் படுக்கையிலேயே குதிகாலை மெதுவாக உள்ளே இழுத்து வெளியே தள்ளுவது, விரல்களை விரித்து மடக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நீட்டிப் பத்து எண்ணும்வரை நிறுத்துவது. தொடைத் தசை பலப்பட்டால் முழங்கால் பிழைக்கும். கூடவே தினமும் நடை. டீச்சர் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். மூன்று வாரத்தில் காலை விறைப்பு சாம்பாரிலிருந்து ரசத்துக்கு இறங்கியது. ஏப்ரல் முதல் வாரம் மருத்துவமனைப் படியில் பத்து படி ஏறினார். முட்டி ஆடுகிறது, பயமாக இருக்கிறது என்றார். நான் யோசிக்கவே இல்லை. கடையில் ‘நீ கேப்’ என்று கேட்டு வாங்கும் முழங்கால் உறை ஒன்றை எழுதிக் கொடுத்தேன். மேலேயும் கீழேயும் இழுத்து ஒட்டும் பட்டை உள்ளது. நல்ல இறுக்கமாகப் போடுங்கள், காலையிலிருந்து சாயந்திரம் வரை கழற்ற வேண்டாம் என்றேன். இருபத்தொரு வருட அனுபவம் பேசியது.

அடுத்த வாரம் வந்தார். பதினாறு படி. அதற்கடுத்த வாரமும் வந்தார், ஆனால் சல்வாரை மடித்து முழங்காலைக் காட்டச் சொன்னபோது, இன்றைக்கு வேண்டாம் சார் என்றார். நான் வற்புறுத்தவில்லை. அதன் பிறகு இரண்டு முறை வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

லஸ் பக்கத்துப் பூங்காவில் காலையில் நடப்பதாக அவர் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆறு மணிக்குப் போனேன். மயிலாப்பூரில் பூங்காவில் நடப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, எல்லோரும் வலமாகவே சுற்றுவார்கள். யாரும் அப்படிப் பலகை எழுதி வைக்கவில்லை. கோவில் பிராகாரத்தில் சுற்றி வளர்ந்த கால்கள், சிமெண்டுப் பாதையிலும் தாமாக அப்படியே திரும்பிக்கொள்கின்றன. விடிந்தும் விடியாத வெளிச்சம். மரங்களுக்கு இடையே வெள்ளை வேட்டிகளும் புடவைகளும் துப்பட்டாக்களும் ஒரே திசையில், ஒரே வேகத்தில், சத்தமில்லாமல் மிதந்து போய்க்கொண்டிருந்தன. டீச்சரைச் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம் என்று நான் எதிர்த்திசையில் நடந்தேன். இருபது அடி போவதற்குள் பஞ்சகச்சம் கட்டிய ஒருவர் என்னை நிறுத்தி, “சார், எதிர்ல வராதேள், எல்லாருக்கும் லயம் தப்பறது” என்றார். திரும்பிக்கொண்டேன்.

அரைச் சுற்றில் டீச்சரைப் பிடித்தேன். தலையைத் துப்பட்டாவால் மூடியிருந்தார். பக்கத்தில் நடந்துகொண்டே, நடையில் கொஞ்சம் வேகம் கூட்டலாமே என்றேன். வேறு எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

“கூட்ட மாட்டேன் சார். இந்த ஊர்லயே இது ஒண்ணுதான் எனக்குத் தோதான எடம். எல்லாரும் ஒரே பக்கமா நடக்கறாங்க. யாரும் யார் மூஞ்சியையும் பாக்க முடியாது. வேகமாப் போனா நான் அவங்களைத் தாண்டணும், திரும்பிப் பாப்பாங்க. மெதுவாப் போனா அவங்க என்னைத் தாண்டுவாங்க, அப்பவும் பாப்பாங்க. அதனால கூட்டம் என்ன வேகமோ அதே வேகம்.”

இருபத்தொரு வருடம் மனிதர்களை நடக்கவைத்தே சம்பளம் வாங்கியவன் நான். நடைவேகத்தை நிர்ணயிக்கும் காரணங்களில் இது எந்தப் பாடத்திலும் வந்ததில்லை.

இன்னொரு சுற்று நடந்தோம். பிறகு அவரே சொன்னார். உறையின் பட்டை அழுத்திய இடத்தில், முழங்காலுக்கு மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம், வரைந்து வைத்தாற்போலப் புதிய திட்டுகள் எழும்பியிருந்தன. வெயிலும் வியர்வையும் சேர்ந்து வெடித்து, கால் மடக்கும்போதெல்லாம் ரத்தம் கசிந்தது. உரசும் இடத்தில், கீறும் இடத்தில் புதிதாக முளைப்பது இந்த நோயின் குணம். அதை அந்தப் பிரியாணி மத்தியானத்தில் சொல்லியிருக்கக்கூடும்.

“ஏன் டீச்சர் முதல்லயே சொல்லல?”

“பத்து வருஷமா என்னைப் பாக்கறவங்க எல்லாம் தோலைத்தான் சார் பாப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் முழங்காலை மட்டும் பாத்தீங்க. எனக்கு அது சந்தோஷமா இருந்துது. அதைக் கெடுத்துக்க மனசு வரல.”

நான் தோலைப் பார்க்காமல் இருந்தது பெருந்தன்மையால் அல்ல, அறியாமையால் என்று அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. தோல் மருத்துவரை உடனே பார்க்கச் சொல்லிவிட்டு, நேராக வசந்தா மேடத்திடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு அலமாரியைத் திறந்து, என் அளவுக்கு ஓர் உறையை எடுத்து மேஜைமேல் வைத்தார். “நாளைக்குக் காலம்பற ஆத்துலேர்ந்து கெளம்பறச்சே போட்டுக்கோ கோபி. நல்ல இறுக்கமாப் போட்டுக்கோ. சாயந்தரம் வரைக்கும் கழட்டாதே.” நான் டீச்சரிடம் சொன்ன அதே வார்த்தைகள். ஷீட்டில் எழுதி வைத்திருந்தேனே, படித்திருக்கிறார்.

மறுநாள் மாம்பலத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். ஏப்ரல் கடைசி. தேனாம்பேட்டை தாண்டுவதற்குள் உறைக்குள் ஒரு தனிப் பருவகாலம் தொடங்கிவிட்டது. பதினோரு மணிக்கு எறும்பு ஊர்வதுபோல இருந்தது. ஒரு மணிக்கு அந்த எறும்புகள் குடும்பத்தையும் அழைத்து வந்தன. நோயாளிகளுக்கு முன்னால் பேண்டுக்கு மேலாகச் சொறிந்துகொள்வது அழகல்ல. மதிய இடைவேளையில், யாரும் பார்க்காத இடத்தில் நின்று நிம்மதியாக ஒருமுறை சொறிந்துகொள்ள வேண்டும் என்ற ஒரே லட்சியத்தோடு வெயிலில் நடந்தேன். நடந்து நடந்து மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்துக்குள் நுழைந்தேன்.

அந்த நிலையத்தை உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பத்தாயிரம் பேருக்கென்று கட்டிய கூடம், உள்ளே பத்துப் பேர். உயரமான கான்கிரீட் கூரை, அதன் இடுக்குகளில் புறாக்கள். வெளியே ஊரே வெந்துகொண்டிருக்க, அகலமான படிக்கட்டில் மட்டும் கால்வாய்ப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. மேலே எங்கோ ஒரு ரயில் வந்து நின்றது. கட்டடம் லேசாக நடுங்கி ஓய்ந்தது. யாரும் இறங்கிவரவில்லை. ரயில் போய்விட்டது. நான் பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஒரு படியில் உட்கார்ந்திருந்தேன். சொறிய வந்ததை மறந்து படிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழுவழுப்பான, ஒரே உயரமுள்ள படிகள். நிழல். காற்று. ஆள் இல்லை. கனவில்தான் இப்படி ஒரு படிக்கட்டு இருக்கும். சென்னையில் அதைக் கட்டி, உபயோகிக்காமல் விட்டுவைத்திருந்தார்கள்.

சாயந்திரம் மேடம் என் முழங்காலைப் பார்த்தார், கையைக் காட்டி அனுமதி கேட்டுவிட்டுத்தான். சிவந்த இரண்டு வளையங்கள். “உனக்கு ரெண்டு நாள்ல போயிடும்” என்றார். அவ்வளவுதான் தண்டனை.

மே மாதம் முதல் தேதியிலிருந்து காலை ஆறேகாலுக்கு நானும் டீச்சரும் மந்தைவெளி நிலையத்தில் சந்தித்தோம். தோல் மருத்துவர் களிம்பை மாற்றிக் கொடுத்திருந்தார், புண் ஆறிக்கொண்டிருந்தது. பயணச்சீட்டு இல்லாமல் மேலே நிற்கக் கூடாது என்பதால் இரண்டு பேரும் அடுத்த நிலையத்துக்கு மாதச் சீட்டு வாங்கினோம். ஒரு நாள்கூட ரயிலில் ஏறவில்லை.

இந்த முறை தோலைக் கேட்டு எல்லாம் செய்தோம். வீட்டில் வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல், ஈரம் காயுமுன் களிம்பு, அது உள்ளே இறங்க அரைமணி நேரம். தையல் உள்பக்கம் உரசாத தொளதொளத்த பழைய பருத்தி சல்வார். வியர்வை எரிய ஆரம்பித்தால் உடனே நிறுத்தி, ஈரத் துணியால் ஒற்ற வேண்டும், துடைக்கக் கூடாது. விரல் வெடிப்பில் கைப்பிடிக் கம்பி உறுத்தாமல் இருக்க ஒரு மெல்லிய துணி. ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது வலிக்கிற கால் முன்னால். இரண்டுமே வலிக்கிற காலாக இருந்தால் என்ன செய்வது என்று டீச்சர் கேட்டார். அன்றைக்குக் குறைவாக வலிக்கிற காலுக்கு நல்ல கால் என்று பெயர் வைத்தோம். சில நாள் பாதிப் படியில் பெயர் மாறிவிடும்.

ஆறு படியில் தொடங்கினோம். பிறகு பத்து, பதினான்கு. காலை வெயில் கூரையின் இடைவெளியில் சாய்வாக வந்து படிகளில் பட்டை பட்டையாக விழும். டீச்சர் ஒரு வெளிச்சப் பட்டையிலிருந்து அடுத்ததற்கு ஏறிப்போவதைக் கீழிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது விடியற்காலை அரைத்தூக்கத்தில் எனக்கு வருவது பெரும்பாலும் இந்தக் காட்சிதான். அதில் படிகளுக்கு முடிவே இருக்காது. அவர் அவசரமில்லாமல் ஏறிக்கொண்டே இருப்பார்.

நிலையத்தைப் பெருக்கும் தேவகி அம்மாள் ஒரு வாரம் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எட்டாம் நாள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்டுவிட்டார்.

“இன்னா சார், ரயிலு வந்துகினு கீது, நீங்க இன்னாடான்னா கீழ எறங்கிக்கினு போறீங்க?”

டீச்சர் முழங்காலைப் பற்றிச் சொன்னார். தேவகி அம்மாளின் பார்வை டீச்சரின் கைக்குப் போனது.

“இது இன்னாமா கையில? ஒட்டிக்குமா?”

டீச்சர், “ஒட்டாது” என்றார்.

“அப்ப சரி. ஆனா அந்தக் கம்பியப் புடிக்காத, எவனோ எச்சி துப்பி வெச்சிகீறான். இந்தாண்ட வா.”

பத்து வருடமாக எல்லோரும் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, நான்கு நொடியில் கேட்கப்பட்டு, பதில் சொல்லப்பட்டு, முடிந்துபோனது. டீச்சர் அன்றைக்கு இருபது படி ஏறினார். மறுநாளிலிருந்து நாங்கள் வருமுன் கம்பி முழுக்க ஈரத்துணியால் துடைத்திருக்கும். டீச்சர் தலையிலிருந்து துப்பட்டாவை எப்போது இறக்கினார் என்று எனக்குத் தெரியாது. நான் முழங்காலைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே மூன்றாம் வாரம் முப்பத்தெட்டு படி வந்தது. நிற்காமல் ஏறியதில் அதுதான் அதிகபட்சம். மறுநாள் வலது முழங்கால் வீங்கிவிட்டது. மூட்டின் மீது கை வைத்தாலே சூடு தெரிந்தது. நிறுத்திவிட்டோம். ஐஸ் பையைத் துணியில் சுற்றி வைப்பது, படுத்தபடி செய்யும் பயிற்சி, அவ்வளவுதான். வீக்கம் வடிய ஒன்பது நாள் ஆனது. பத்தாம் நாள் மறுபடி பதினெட்டிலிருந்து தொடங்கினோம். பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள் முப்பத்து நான்கு படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். மூச்சு இரைத்தது. இன்னும் பத்து படி பாக்கி.

பள்ளிக்கு நானும் கூட வருகிறேன், பின்னாலேயே ஏறுகிறேன் என்றேன்.

“வேணாம் சார். நீங்க கூட வந்தா நான் நோயாளி. தனியாப் போனா டீச்சர்.”

தலைமை ஆசிரியையிடம் அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டிருந்தார்: முதல் நாள் முதல் வகுப்புக்கு மணி அடிப்பதற்குள் மேலே இருப்பேன், இல்லாவிட்டால் அலுவலகத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். தலைமை ஆசிரியையும் ஒப்புக்கொண்டிருந்தார். ஆக, மறுநாள் காலை முதல் மணி அடிக்கும்போது எல்லாம் முடிந்துவிடும்.

அந்த ஜூன் நாள் முழுவதும் நான் பார்த்த நோயாளிகளிடம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஒருவருக்குத் தோள் வலி, நான் காலை நீட்டச் சொன்னேன். நீட்டினார், பாவம். வழக்கமாக நாலரைக்குக் கிளம்பும் வசந்தா மேடம், அன்றைக்கு ஐந்து மணிக்கும் எதையோ தேடுவதுபோல அலமாரியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

ஐந்தேகாலுக்கு டீச்சர் வந்தார். வெளிர்நீலப் புடவை. எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் நீட்டிக்கொண்டார். மேடம் தண்ணீர் கொடுத்தார்.

“முப்பத்தஞ்சாவது படியில நின்னுட்டேன் சார். மணி அடிக்க ரெண்டு நிமிஷம் இருந்துது. பசங்க எல்லாம் என்னைத் தாண்டி மேல ஓடிக்கிட்டிருந்தாங்க. அப்புறம் ஒவ்வொண்ணா ஒன்பது. வகுப்புக்குள்ள கால் வெச்சேன், மணி அடிச்சுது.”

“பிறகு?”

“எல்லாரும் எழுந்து குட் மார்னிங் மிஸ்னு கத்தறாங்க. எனக்குத் திருப்பிச் சொல்ல மூச்சு இல்ல. இரைக்கிற மூஞ்சியோட அவங்களைப் பாத்து நிக்கவும் மனசு இல்ல. கையால உக்காரச் சொல்லிட்டு, போர்டு பக்கம் திரும்பி, இந்தியா மேப் வரைய ஆரம்பிச்சேன்.”

சாக்பீஸ் பிடித்ததுபோல அவருடைய விரல்கள் காற்றில் நகர்ந்தன. குஜராத்திலிருந்து ஆரம்பித்தாராம். கடற்கரையை ஒட்டி மெதுவாக, ஒவ்வொரு வளைவையும் விடாமல். பம்பாய்க்கு வரும்போது நெஞ்சு இன்னும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கோவாவில் கொஞ்சம் குறைந்தது. கேரளா முழுக்க வாயால் மூச்சுவிட்டுக்கொண்டே இறங்கினார். பின்னால் நாற்பது பெண்கள். மூச்சுச் சத்தம்கூட இல்லை. கோபமாக இருக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். கன்னியாகுமரியில் திரும்பி மேலே ஏறினார்.

“சென்னைக்கு வந்தப்போ ஒரு புள்ளி வெச்சேன் சார். அப்ப மூச்சு வந்துடுச்சு. சரின்னு திரும்பினேன்.”

“எல்லாரும் பார்த்துண்டிருந்தாளா உன்னை?” என்று கேட்டார் மேடம். அவர் நோயாளியை ஒருமையில் பேசி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

“ஒருத்திகூட இல்ல மேடம். எல்லாரும் தலையைக் குனிஞ்சு நோட்டுல வரைஞ்சுக்கிட்டிருக்காங்க. முதல் பெஞ்சுல ஒருத்தி மட்டும் நிமிர்ந்து என் மூஞ்சிய நேராப் பாத்து, ‘மிஸ், ஸ்ரீலங்கா போடணுமா’ன்னு கேட்டா.”

“என்ன சொன்னீங்க?” என்றேன்.

“கட்டாயம் போடணும்னேன். எனக்கு இன்னும் கொஞ்சம் மூச்சு வேண்டியிருந்துது.”